உடையவர் ஒருவரா, பலரா?

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் வீடு, மனை விற்பனை முகவர் ஒருவர் 2020-இல் தம் முன்னாள் முதலாளியைக் குறை சொல்லி ஃபேஸ்புக்கில் ஒரு பதிவு போட்டார். பெரும் விலைக்கு வீடுகளை விற்கிறவரால் ஊழியர் ஓய்வூதிய நிதியைக் கட்ட முடியவில்லை என்பது அதன் சாரம். ஆங்கிலத்தில் அவர் எழுதிய சொல் எம்ப்ளாயிஸ். அதில் அப்பாஸ்ட்ரபி குறி இல்லை. எஸ் எழுத்துக்கு முன்னால் அந்தக் குறி இருந்திருந்தால் ஒரே ஓர் ஊழியருடைய நிதி என்று பொருள். பின்னால் இருந்திருந்தால் பல ஊழியர்களுடைய நிதி. பதிவை அவர் 12 மணி நேரத்துக்குள் நீக்கிவிட்டாலும், முதலாளி மானநஷ்ட வழக்குத் தொடுத்தார். வழக்கைத் தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்யும்படி முகவர் கேட்டுக்கொண்டபோது, 2021 அக்டோபரில் நீதிபதி மறுத்துவிட்டார். எழுதப்பட்ட சொல் பன்மையில் இருப்பதை அவர் சுட்டிக்காட்டினார். ஓர் ஊழியருக்குப் பணம் கட்டாமல் போனதை வருந்தத்தக்க தவறு என்று கொள்ளலாம், பலருக்குக் கட்டவில்லை என்றால் அது வேண்டுமென்றே செய்ததாகத் தோன்றும் என்பது அவர் சொன்ன காரணம்.

நம் பள்ளிகளில் இந்தக் குறியை ஒரு மதிப்பெண் கேள்வியாகவே பார்த்துப் பழகியிருக்கிறோம். குறியை எங்கே போட வேண்டும் என்று கேட்பார்கள். மாணவர் குத்துமதிப்பாக ஓரிடத்தில் போடுவார். சரியாக இருந்தால் மதிப்பெண், இல்லையென்றால் இல்லை. அந்தக் குறி என்ன செய்தியைச் சொல்கிறது என்பதைப் பெரும்பாலும் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. உண்மையில் அது சொல்வது ஒன்றே ஒன்றுதான்: உடையவர் ஒருவரா, பலரா. இந்தக் கேள்விக்குத் தமிழ் தன் சொல்லமைப்பிலேயே விடை வைத்திருக்கிறது. ஆகையால் ஆங்கிலப் பன்மை உடைமையைக் கற்றுக்கொள்ள ஒரு தமிழ் மாணவருக்குப் புதிய விதிகள் தேவையில்லை. தம் தாய்மொழியில் தினமும் செய்வதைக் கவனித்தாலே போதும்.

மூன்று சொற்களை எடுத்துக்கொள்வோம்: மாணவர்கள், மாணவருடைய, மாணவர்களுடைய. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் மூன்றும் வெவ்வேறு. “கள்” என்றதும் பலர் என்று தெரிகிறது. “உடைய” என்றதும் உடைமை என்று தெரிகிறது. இரண்டும் வேண்டுமென்றால் முதலில் “கள்”, அதன்பின் “உடைய”. இந்த வரிசை ஒருநாளும் மாறாது. மாணவருடையகள் என்று எந்தக் குழந்தையும் சொல்வதில்லை. மரம், மரங்கள், மரங்களின் என்று வந்தாலும் இதே கதைதான்: எண் முன்னே, வேற்றுமை பின்னே. ஆங்கிலத்திலோ இந்த மூன்றும் ஸ்டூடன்ட்ஸ், ஸ்டூடன்ட்ஸ், ஸ்டூடன்ட்ஸ் என்றுதான் காதில் விழும். பன்மைக்கும் எஸ், உடைமைக்கும் எஸ், இரண்டும் சேர்ந்தாலும் ஒரே எஸ். எழுத்தில் மட்டும் மூன்று வடிவம்: பன்மைக்கு ஸ்டூடன்ட்ஸ், ஒருவருடையதற்கு ஸ்டூடன்ட்'ஸ், பலருடையதற்கு ஸ்டூடன்ட்ஸ்'. காதுக்குத் தெரியாத ஒன்றைக் கண்ணுக்குக் காட்டுவதுதான் அந்தக் குறியின் வேலை.

ஆங்கிலம் எப்போதும் இப்படி இருந்ததில்லை. ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பேசப்பட்ட பழைய ஆங்கிலத்தில் வேற்றுமை உருபுகள் தமிழைப் போலவே ஒலியில் வேறுபட்டன. கல்லைக் குறிக்கும் ஸ்டான் என்ற சொல்லைப் பாருங்கள். கற்கள் என்பதற்கு ஸ்டானஸ், கல்லின் என்பதற்கு ஸ்டானெஸ், கற்களின் என்பதற்கு ஸ்டான. மூன்றுக்கும் மூன்று ஈறு. பின்வந்த நூற்றாண்டுகளில் சொல்லின் கடைசி உயிரொலிகள் தேய்ந்தன. பலவகை ஈறுகள் ஒன்றாகக் கலந்தன. கடைசியில் எஸ் ஒலி மட்டும் மிஞ்சியது. பழைய ஈறுகளில் இருந்த தகவல் பேச்சிலிருந்து போய்விட்டது. அதற்கு ஈடாக எழுத்தில் ஒரு வழியைத் தேட வேண்டியிருந்தது. அது கிடைப்பதற்கு நெடுங்காலம் ஆயிற்று.

அப்பாஸ்ட்ரபி 16-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அச்சு வழக்கத்தைப் பின்பற்றி ஆங்கிலத்துக்கு வந்தது. விடுபட்ட எழுத்து இங்கே இருந்தது என்று காட்டுவதே அன்று அதன் வேலை. உடைமை ஈற்றிலிருந்த உயிரெழுத்து மறைந்த இடத்திலும் அதைப் போடத் தொடங்கினார்கள். 1623-இல் அச்சான ஷேக்ஸ்பியர் நாடகத் தொகுப்பில், இன்று நாம் உடைமைக் குறி போடும் பெரும்பாலான இடங்களில் குறி கிடையாது. ஒருமை உடைமைக்கு அது நிலைபெற்றது 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். எஸ்ஸுக்குப் பின்னால் வரும் பன்மைக் குறி நிலைபெற மேலும் நூறு ஆண்டுகள் பிடித்தன. இடையில் ஒரு தவறான விளக்கமும் உலவியது. உடைமைக் குறி என்பது “அவனுடைய” என்று பொருள்படும் ஹிஸ் என்ற சொல்லின் சுருக்கம் என்று படித்தவர்களே நம்பினார்கள். கட்டுரையாளர் ஜோசப் அடிசன் 1711-இல் அப்படித்தான் எழுதினார். 1755-இல் தம் அகராதியோடு வெளியிட்ட இலக்கணப் பகுதியில் சாமுவேல் ஜான்சன் இதை மறுத்தார். பெண்ணைக் குறிக்கும் சொல்லுக்கும் இதே ஈறு வருகிறதே, அங்கே “அவனுடைய” எப்படிப் பொருந்தும் என்பது அவர் வாதம். எளிய சான்றை வைத்துத் தவறான கொள்கையைத் தள்ளிய நல்ல எடுத்துக்காட்டு இது.

இனி விதிக்கு வருவோம். தமிழின் வரிசையை அப்படியே கைக்கொள்ளுங்கள்: முதலில் உடையவர் யார் என்பதை எண்ணோடு முழுமையாக எழுதி முடியுங்கள், பிறகே உடைமையைச் சேருங்கள். உடையவர் ஒரு சிறுவன் என்றால் பாய் என்று எழுதி முடித்து, குறியும் எஸ்ஸும் சேர்த்தால் பாய்'ஸ். உடையவர்கள் பல சிறுவர்கள் என்றால் பாய்ஸ் என்று எழுதி முடிக்கிறோம். எஸ் ஏற்கெனவே வந்துவிட்டதால் குறியை மட்டும் சேர்த்தால் பாய்ஸ்'. எஸ் இல்லாமல் பன்மையாகும் சொற்களுக்கும் இதே வழிதான். விமென் என்று எழுதி முடித்தால் பன்மை வந்துவிட்டது, ஆனால் எஸ் வரவில்லை. ஆகவே குறியும் எஸ்ஸும் சேர்ந்து விமென்'ஸ். சில்ட்ரன்'ஸ், மென்'ஸ் என்பனவும் அப்படியே. குறி எஸ்ஸுக்கு முன்னால் இருப்பதால் இவை ஒருமை ஆகிவிடா. விமென் என்ற சொல்லே பன்மையைச் சொல்லிவிட்டது. 1917-இல் சென்னை அடையாற்றில் தொடங்கப்பட்ட விமென்'ஸ் இந்தியன் அசோசியேஷன் என்ற இந்திய மாதர் சங்கத்தின் பெயர் இதற்குப் பொருத்தமான சான்று. விமென்ஸ்', சில்ட்ரன்ஸ்' என்று எழுதுவது தவறு என்பதற்குத் தனி விதி வேண்டாம். விமென்ஸ் என்றொரு பன்மைச் சொல் இல்லை என்பதே காரணம். தாமஸ் போல எஸ்ஸில் முடியும் ஒருமைப் பெயர்களுக்கு ஆங்கிலேயரிடமே தாமஸ்'ஸ், தாமஸ்' என்று இரண்டு வழக்கங்கள் உண்டு. எஸ்ஸில் முடியும் பன்மைச் சொற்களில் அந்தத் தகராறு கிடையாது.

நம் ஊரில் ஆங்கிலம் எழுதும் எவரும் இந்த இலக்கணத்தைச் சந்திக்கும் முதல் இடம் விடுப்புக் கடிதம். ஒருநாள் விடுப்பு என்பது ஒன் டே'ஸ் லீவ். இரண்டு நாள் விடுப்பு என்பது டூ டேஸ்' லீவ். வேலையை விடும்போது கொடுக்கும் இரண்டு வார அறிவிப்பும் டூ வீக்ஸ்' நோட்டீஸ். தமிழில் “இரண்டு நாள் விடுப்பு” என்று எந்த உருபும் இல்லாமல் சொல்லிவிடுகிறோம். நாள் என்ற சொல்லைப் பன்மையாக்கவும் தேவைப்படுவதில்லை. ஆங்கிலமோ இங்கே நாட்களை உடையவர் நிலையில் வைத்துப் பேசுகிறது: இரண்டு நாட்களுக்குரிய விடுப்பு. இந்தக் கருத்து பிடிபடாததால்தான் நன்றாக ஆங்கிலம் எழுதுகிறவர்களும் இந்த இடத்தில் குறியை விட்டுவிடுகிறார்கள், அல்லது இரண்டு நாளுக்கும் ஒருநாளுக்குரிய குறியைப் போட்டுவிடுகிறார்கள். விரித்துச் சொல்லிப் பார்த்தால் தவறு நேராது.

ஒரு குறியின் இடம் எவ்வளவு வரலாற்றைத் தாங்க முடியும் என்பதற்கு இங்கிலாந்தின் இரண்டு கல்லூரிகள் சாட்சி. ஆக்ஸ்ஃபோர்டில் 1341-இல் நிறுவப்பட்ட குவீன்'ஸ் கல்லூரியின் பெயரில் குறி எஸ்ஸுக்கு முன்னால் இருக்கிறது. அந்த அரசி ஒருவரே: மூன்றாம் எட்வர்டின் மனைவி பிலிப்பா. கேம்பிரிட்ஜில் உள்ள குவீன்ஸ்' கல்லூரியில் குறி எஸ்ஸுக்குப் பின்னால் இருக்கிறது. 1448-இல் அதை நிறுவியவர் ஆறாம் ஹென்றியின் மனைவி மார்கரெட். 1465-இல் மறுபடி நிறுவியவர் நான்காம் எட்வர்டின் மனைவி எலிசபெத் உட்வில். இந்த இரு அரசிகளும் ரோஜாப் போர்கள் எனப்படும் உள்நாட்டுப் போரில் எதிரெதிராக நின்ற லங்காஸ்டர், யார்க் குடும்பங்களின் மருமகள்கள். களத்தில் பகைத்த இரண்டு வீடுகளும் ஒரு கல்லூரியைப் பேணின என்ற செய்தியை அந்தக் கடைசிக் குறி சொல்கிறது. இந்த எழுத்துக்கூட்டல் உறுதியானது 19-ஆம் நூற்றாண்டில்தான். பன்மை உடைமைக் குறி கைக்கு வந்தபின்தான் அந்தக் கல்லூரியின் வரலாற்றை அதன் பெயரிலேயே எழுத முடிந்தது.

நமக்கு இன்னும் நெருக்கமான சான்றும் உண்டு. சம்பளத்தில் பிடிக்கப்படும் பி.எஃப். தொகைக்கு அடிப்படையாக இருந்த 1952-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரில் முதற்சொல் எம்ப்ளாயிஸ்'. ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைகளுக்கு அடிப்படையாக இருந்த 1948-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அதே எம்ப்ளாயிஸ்'. இரண்டும் பல ஊழியர்கள் சேர்ந்து பங்கு கட்டும் பொது நிதியைப் பற்றியவை. வேலையில் அடிபட்டவருக்கு இழப்பீடு தந்த 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பழைய பெயரில் வொர்க்மென்'ஸ் என்ற பன்மை இருந்தது. 2009-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அது எம்ப்ளாயி'ஸ் என்று ஒருமையில் மாற்றப்பட்டது. இழப்பீடு அடிபட்ட அந்த ஒருவருக்குத் தனியே உரியது என்பதால் ஒருமையும் அங்கே நன்றாகவே பொருந்துகிறது. ஒரே துறை, ஒரே சொல். நிதி பொதுவாக இருக்குமிடத்தில் பன்மையும், உரிமை தனியாக இருக்குமிடத்தில் ஒருமையும் நிற்கின்றன.

உடைமையில் எண்ணைக் காட்டுவது தமிழ் இலக்கணத்துக்கும் அந்நியமானதன்று. ஆறாம் வேற்றுமைக்கு நன்னூல் சொல்லும் உருபுகள் அது, ஆது, அ. முதல் இரண்டும் ஒருமைக்கு, கடைசி பன்மைக்கு: எனது கை, என கைகள். ஒரு வேறுபாட்டை மட்டும் கவனிக்க வேண்டும். நன்னூல் எண்ணுவது உடைமைப் பொருளை. ஆங்கிலக் குறி எண்ணுவது உடையவரை. ஆங்கிலத்தில் புத்தகம் ஒன்றானாலும் நூறானாலும் குறியின் இடம் மாறாது. புத்தகத்துக்கு உரியவர்கள் எத்தனை பேர் என்பதை மட்டும் அது பார்க்கும். “ஒரே புத்தகம்தானே, ஏன் பன்மைக் குறி?” என்று மாணவர் கேட்டால், இந்த ஒப்பீட்டைக் காட்டினாலே தெளிந்துவிடும்.

இதற்கு எதிராகச் சில நியாயமான கேள்விகள் எழுகின்றன. முதல் கேள்வி: பேச்சில் மூன்றும் ஒரே ஒலியாக இருந்தும் ஆங்கிலேயர் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்கிறார்களே, எழுத்தில் மட்டும் எதற்கு இந்த வேறுபாடு? பேச்சில் எதிரே ஓர் ஆள் இருக்கிறார். புரியவில்லையென்றால் “எத்தனை பேரைச் சொல்கிறீர்கள்?” என்று அவரிடம் கேட்டுவிடலாம். எழுத்தைப் படிப்பவர் எழுதியவரிடம் கேட்க முடியாது. ஒப்பந்தம், உயில், சட்டம், வாடகைப் பத்திரம் எல்லாம் எழுதியவர் பக்கத்தில் இல்லாதபோது படிக்கப்படுபவை. அண்ணனின் மகன்களுக்கு என்று எழுதுவதற்கும் அண்ணன்மாரின் மகன்களுக்கு என்று எழுதுவதற்கும் சொத்தில் எவ்வளவு வேறுபாடு என்று தமிழில் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் அந்த வேறுபாடு பிரதர்'ஸ், பிரதர்ஸ்' என்று ஒரு குறியின் இடத்தில் இருக்கிறது.

இரண்டாவது கேள்வி: இந்தக் குறி அச்சுக்காரர்கள் வழியாகப் பிற்காலத்தில் வந்தது, அது இல்லாமலே ஆங்கிலம் பல நூற்றாண்டு வாழ்ந்ததே? வாழ்ந்தது உண்மை. தமிழும் அப்படி வாழ்ந்திருக்கிறது. ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் எழுத்தில் வேறுபாடு தெரியாது. படிப்பவர் இடம் பார்த்துப் பொருள் கொள்ள வேண்டும். 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் எழுத்துச் சீர்திருத்தம் குறிலையும் நெடிலையும் கண்ணுக்குப் பிரித்துக் காட்டியது. அச்சு அதைப் பரப்பியது. பின்னால் வந்தது என்பதற்காகப் புள்ளியையும் நெடில் குறியையும் இன்று யாரும் தேவையற்றவை என்று சொல்வதில்லை. அவை இல்லாத சுவடியைப் படிக்கப் பயிற்சி பெற்ற புலவர் வேண்டியிருந்தது. அவை வந்தபின் நான்காம் வகுப்புக் குழந்தையும் படிக்க முடிகிறது. எழுத்துக் குறிகள் வாசிப்பைப் பலருக்கும் உரியதாக ஆக்குகின்றன. ஆங்கிலக் குறியும் அந்த வகையைச் சேர்ந்ததுதான்.

மூன்றாவது கேள்விக்குத்தான் வலு அதிகம்: ஆங்கிலம் பேசும் நாடுகளே இதைக் கைவிடுகின்றனவே? 1890-இல் அமைக்கப்பட்ட அமெரிக்கப் புவியியல் பெயர் வாரியம் இடப்பெயர்களில் உடைமைக் குறியை ஏற்பதில்லை. மிகச் சில பெயர்களுக்கே விலக்கு அளித்திருக்கிறது. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் மாநகராட்சி 2009-இல் தெருப் பலகைகளில் குறி வேண்டாம் என்று முடிவு செய்தது. வாட்டர்ஸ்டோன்ஸ் புத்தகக் கடை நிறுவனம் 2012-இல் தன் பெயரிலிருந்து அதை நீக்கியது. லண்டன் சுரங்க ரயிலில் அடுத்தடுத்த நிலையங்களில் ஒன்று ஏர்ல்'ஸ் கோர்ட், மற்றொன்று குறியே இல்லாத பேரன்ஸ் கோர்ட். இவை எல்லாவற்றிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு: எல்லாமே பெயர்கள். பெயராக நின்றுவிட்ட சொல் உடைமையைச் சொல்வதில்லை, அடையாளத்தைச் சொல்கிறது. தமிழில் இதற்குத் தொகை, விரி என்ற தெளிவான பகுப்பே இருக்கிறது. மகளிர் கல்லூரி, மாணவர் விடுதி, ஆசிரியர் அறை என்று உருபு மறைந்து நிற்பது தொகை. மாணவர்களுடைய விடுதி என்று உருபு வெளிப்பட்டால் விரி. ஆசிரியர் அறை என்ற தொகையில் ஆசிரியர் ஒருவரா பலரா என்பது தெரியாது; பலகையைப் பொறுத்தவரை அது தெரிய வேண்டியதும் இல்லை. தெரிய வேண்டிய வாக்கியத்தில் ஆசிரியர்களின் அறை என்று விரிக்கிறோம். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் நாளின் அரசுப் பெயரான வெடரன்ஸ் டே குறியில்லாமல் நிற்பதும் தொகைதான். தொகை இருக்கிறது என்பதற்காக நாம் ஆறாம் வேற்றுமையைத் தூக்கி எறியவில்லை. பலகையில் குறி போனதற்காக வாக்கியத்திலும் அது போகலாம் என்ற வாதம் அங்கும் நிற்காது.

குறியை விடுவதைவிடப் பெரிய சிக்கல், தேவையில்லாத இடத்தில் போடுவது. இங்கிலாந்தில் காய்கறிக் கடைப் பலகைகளில் உருளைக்கிழங்கு, தக்காளி என்ற சொற்களின் வெறும் பன்மைக்கே குறி போட்டு எழுதியதால், அந்தப் பிழைக்குக் காய்கறிக் கடைக்காரர் குறி என்றே பெயர் வந்துவிட்டது. நம் ஊர் உணவகப் பலகையில் மீல்ஸ் என்று எழுதும்போதும் எந்த உடைமையும் இல்லை. எனவே குறிக்கு அங்கே வேலை இல்லை. அதனுடைய, அவர்களுடையது என்று பொருள்படும் இட்ஸ், தேர்ஸ் போன்ற சொற்கள் தமக்குள்ளேயே உடைமையைக் கொண்டவை, அவற்றுக்கும் வேண்டாம். ஐயம் வரும்போது செய்ய வேண்டியது எளிது. ஆங்கிலச் சொல்லைத் தமிழில் விரித்துப் பாருங்கள். “உடைய” அல்லது “இன்” வரவில்லையென்றால் குறி இல்லை. வந்தால், அதற்கு முன்னால் “கள்” வருகிறதா என்று பாருங்கள். வந்தால் ஆங்கிலத்தில் பன்மையை எழுதி முடித்தபின் குறி. வராவிட்டால் ஒருமையை எழுதி முடித்தபின் குறி. நாட்கணக்கில் மட்டும் தமிழ் “கள்” சேர்க்காமல் இருக்கும் என்பதை நினைவில் வைத்து, எண்ணைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஆங்கில ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ராமு'ஸ் புக் என்ற ஒருமை எடுத்துக்காட்டோடு இந்தப் பாடத்தை முடித்துவிடாதீர்கள். அதில் குறியின் இடம் பொருளை மாற்றுவது மாணவருக்குத் தெரிவதே இல்லை. கரும்பலகையின் இடப்பக்கம் மாணவர்கள், மாணவருடைய, மாணவர்களுடைய என்று எழுதுங்கள். வலப்பக்கம் அவற்றுக்கு நேராக மூன்று ஆங்கில வடிவங்களையும் எழுதுங்கள். “கள்” எங்கே, “உடைய” எங்கே என்று பிள்ளைகளையே கோடிட்டு இணைக்கச் சொல்லுங்கள். மனப்பாடம் செய்ய வேண்டிய விதி அங்கே எதுவும் மிஞ்சாது. ஒரு மொழியைச் சரியாக எழுத இன்னொரு மொழியை மறக்க வேண்டும் என்ற எண்ணம் நம் வகுப்பறைகளில் நெடுநாளாக இருக்கிறது. இந்தச் சிறு குறியின் விஷயத்தில் அது முழுத் தவறு. தமிழ் தெரிந்த பிள்ளைக்கு இதன் பாதி ஏற்கெனவே தெரியும். மீதிப் பாதியைக் காட்டுவது மட்டுமே நம் வேலை.